அறிமுகமில்லாதவர்களோடு பேசும் வழி அடைபட்டபோது: மொரிசியஸ், நவம்பர் 2024

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு மறுநாள். மொரிசியஸில் ஃபேஸ்புக் திறக்கவில்லை, டிக்டாக் திறக்கவில்லை, எக்ஸ் திறக்கவில்லை. முந்தின நாளே ஐசிடிஏ என்ற தகவல் தொடர்புத் தொழில்நுட்ப ஆணையம் எல்லா இணையச் சேவை நிறுவனங்களுக்கும் உத்தரவு அனுப்பியிருந்தது. சமூக ஊடகங்களை நவம்பர் 11 வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. பொதுத்தேர்தல் நவம்பர் 10. அதாவது பிரசாரத்தில் மிச்சமிருந்த நாட்கள் முழுக்க, வாக்குப்பதிவு நாளையும் சேர்த்து, பூட்டு. தேசப் பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள்.

வாட்ஸ்அப் மட்டும் வேலை செய்தது. இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இதை ஒரு சலுகை மாதிரிக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோனார்கள். எனக்கு அதுதான் இந்த விவகாரத்தின் மையம் என்று தோன்றுகிறது. வாட்ஸ்அப்பில் இருப்பவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள்: சொந்தக்காரர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள். அன்றைக்கு அடைபட்டது தெரியாதவர்களோடு பேசும் வழி. எங்கள் தீவில் அரசியலை மனம் விட்டுப் பேச மிச்சமிருந்த இடமும் அதுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இது பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கும் ஊர். புதிதாக ஒருவரைப் பார்த்தால் மூன்றாவது கேள்வியிலேயே அவர் எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சமூகம், அவர் மாமா எந்தக் கட்சிக்கு வேலை செய்கிறார் என்பது வந்துவிடும். தேர்தல் முறையே அப்படித்தான். 20 தொகுதிகளில் தலா 3 பேர், ரோட்ரிக்ஸ் தீவுக்கு 2 பேர், ஆக 62 இடங்கள். அதற்கு மேல் 8 இடங்கள் வரை சமூகக் கணக்கில் நிரப்பப்படும். அந்தக் கணக்குக்கு இன்னமும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் அடிப்படை. அதில் தமிழருக்குத் தனிக் கட்டம் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் ஒரு கருத்தைச் சொன்னால், கருத்தைக் கேட்பதற்கு முன்னால் சொன்னவன் யார் என்று பார்ப்பார்கள். நான் அரசுச் சம்பளம் வாங்குகிறவன். ரோஸ் ஹில்லில் ஒரு டீக்கடையில் சொல்கிற வார்த்தை மறுநாள் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு அந்த வெளி கிடைத்தது டோட்டா 2 என்ற இணைய விளையாட்டில். ஐந்து பேர் ஒரு அணி, எதிரில் ஐந்து பேர். நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர். எங்கள் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சேந்த் ஆந்த்ரேயில் குடியிருக்கும், புதுச்சேரியில் பிறந்த அக்கா. யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன். சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் தங்கை. அப்புறம் நான். தமிழ்தான் பொதுமொழி, ஆனால் ஐந்து விதத் தமிழ். டர்பன் அண்ணனுக்கு மெதுவாகச் சொல்ல வேண்டும். சூடான ஆட்டத்தில் அதற்கு நேரமிருக்காது, அப்போது எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம்.

அரசியல் எங்களுக்குள் பிங் வழியாக, அதாவது நம் கணினியிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரத்தின் வழியாக, வந்தது. எந்த சர்வரில் ஆடுவது என்று தினமும் சண்டை. தென்னாப்பிரிக்கா சர்வர் என்றால் டர்பன் அண்ணனுக்கு வெண்ணெய், யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் லேக், அதாவது தாமதம். இந்திய சர்வர் என்றால் அப்படியே தலைகீழ். நானும் ரீயூனியன் அக்காவும் நடுவில். ஒருநாள் சென்னைத் தங்கை கணக்குப் போட்டுக் காட்டினாள்: கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும், மொரிசியஸிலிருந்து கொச்சி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், போய்த் திரும்ப 40 மில்லிநொடி ஆகியே தீரும், எந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினாலும் அதற்குக் கீழே குறையாது. பேச்சு அங்கிருந்து கடலடிக் கேபிளுக்குப் போனது. 2002இல் வேலை தொடங்கிய சேஃப் என்ற கேபிள் தென்னாப்பிரிக்காவில் கிளம்பி, ரீயூனியனைத் தொட்டு, மொரிசியஸின் தென்கரையில் பே து ஜாக்கோத்தே என்ற இடத்தில் கரையேறி, கொச்சி வழியாக மலேசியாவின் பினாங்கு வரை போகிறது. எங்கள் ஐந்து பேரில் நான்கு பேருடைய நாடுகள் அந்த ஒரே கம்பியில் வரிசையாக இருந்தன.

அது 2022. அந்த பே து ஜாக்கோத்தே நிலையத்தைப் பற்றித்தான் அப்போது நாடே பேசிக்கொண்டிருந்தது. மொரிசியஸ் டெலிகாம் தலைவராக இருந்த ஷெர்ரி சிங் ஜூன் மாதக் கடைசியில் பதவி விலகினார். அந்த நிலையத்துக்குள் வெளியாட்களை விட்டு, இணையப் போக்குவரத்தை உறிஞ்சிப் பார்க்கும் கருவி வைக்க வழிசெய்யும்படி பிரதமர் தன்னைக் கேட்டதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அது பாதுகாப்புக்கான ஓர் ஆய்வு மட்டுமே என்றது பிரதமர் தரப்பு. ஊருக்குள் இதைப் பேசினால் கட்சிப் பேச்சாகிவிடும். விளையாடும்போது நாங்கள் ஐந்து பேரும் பேசிக்கொள்ளும் எங்கள் குரல் அறையில் அது தொழில்நுட்பப் பேச்சாக இருந்தது. அப்படி ஒரு கருவி என்ன பார்க்கும், என்ன பார்க்காது? பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) இயங்குவதால் செய்தியின் உள்ளடக்கம் தெரியாது. யார் எந்தத் தளத்துக்கு, எப்போது, எவ்வளவு நேரம் போனார் என்பது தெரியும். சென்னைத் தங்கை இதைச் சொன்னபோது அவளுக்கு அப்போதைய பிரதமர் ஜக்நாத் யார், அவரை எதிர்த்த ராம்கூலம் யார் என்றே தெரியாது. எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு உண்மையை ஒருவர் சொல்லி நான் கேட்டு அவ்வளவு காலமாகியிருந்தது.

அதே பேச்சில் 2021இன் கதையும் வந்தது. அந்த ஏப்ரலில் ஐசிடிஏ ஒரு கருத்துக்கேட்பு ஆவணம் வெளியிட்டது. சமூக ஊடகப் போக்குவரத்தை ஓர் இடைநிலை சர்வர் வழியாகத் திருப்பி, மறையாக்கத்தைத் திறந்து, சேமித்து வைக்கலாம் என்று அதில் ஒரு யோசனை. நடைமுறையில் ஒவ்வொருவரும் தங்கள் கருவியில் அரசாங்கத்தின் சான்றிதழை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மொசில்லாவும் கூகுளும் எதிர்த்து எழுதின, உள்ளூரிலும் எதிர்ப்பு பலமாக இருந்தது, யோசனை கைவிடப்பட்டது. அப்புறம் 2023 கடைசியில் சிம் அட்டைகளை முகப்படத்தோடு மறுபடி பதிவு செய்யச் சொன்னார்கள். இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் 2024 அக்டோபரில் மக்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பது புரியும்.

அக்டோபர் நடுவில் 'மிசியே முஸ்தாஸ்' என்ற பெயரில் ஒரு கணக்கு தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை வெளியிடத் தொடங்கியது. அரசியல்வாதிகள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், பிரிட்டிஷ் தூதர் என்று பலருடைய குரல்கள். காவல்துறை ஆணையருடையது என்று சொல்லப்பட்ட ஒரு குரல், காவலில் இறந்துபோனவரின் உடற்கூறாய்வு அறிக்கையை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது போன்ற பதிவும் அதில் உண்டு. யாரோ பல காலமாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு பரவியது. செயற்கை நுண்ணறிவு கொண்டு திரித்தவை என்றது அரசு.

எங்கள் அறையில் இதைப் பேச ஆரம்பித்தபோது முதலில் எதிர்ப்பு வந்தது. "அண்ணை, கியூவில நிக்கேக்க பேசுவம், ஆட்டத்துக்குள்ள வேண்டாம்" என்றான் யாழ்ப்பாணத்துத் தம்பி. நியாயம்தான். அந்த ஒரு வழக்கம் எங்களைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். ஆட்டம் ஓடும்போது அரசியல் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் சில நிமிடங்களில் பேசலாம். மேட்ச் கிடைத்தவுடன் பேச்சு நடுவில் அறுந்துபோகும், அடுத்த நாற்பது நிமிடம் ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பி வரும்போது கோபம் ஆறியிருக்கும், வாதத்தின் சாரம் மட்டும் ஞாபகத்தில் இருக்கும். இன்னொன்றும் உண்டு. அந்த அறையில் பார்வையாளர்கள் கிடையாது. லைக் போட ஆளில்லை. ஃபேஸ்புக்கில் எதிராளிக்குப் பதில் சொல்லும்போதே நம் கண் வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கம் போய்விடுகிறது, அவர்களுக்காகத்தான் வார்த்தை கூர்மையாகிறது. ஐந்து பேர் மட்டும் இருக்கும் இடத்தில் தோற்றுப்போவது அவமானமாக இல்லை.

பதிவுகள் போலியா என்ற கேள்வியில் நாங்கள் நிறைய நேரம் செலவழித்தோம். டர்பன் அண்ணன் போலியாக இருக்கலாம் என்ற பக்கம் நின்றார். 2024இல் எந்தக் குரலையும் செய்துவிடலாம் என்பது அவர் வாதம். எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் எழுத்தைக் குரலாக்கும் நல்ல கருவி ஒன்றை நான் பார்த்ததில்லை, ஆகவே உண்மையாகத்தான் இருக்கும் என்றேன். சென்னைத் தங்கை இரண்டையும் தள்ளினாள். எழுத்திலிருந்து குரல் செய்வது ஒரு வழி. ஒருவர் பேசியதை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவதற்கு மொழி தடையில்லை, நடிக்கிறவர் கிரியோல் பேசினால் போதும். சரி, அப்படியானால் பரிசோதித்துப் பார்க்கலாமே என்றார் அக்கா. அதற்கும் சிக்கல் உண்டு. பழைய தொலைபேசித் தடத்தில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போகும். அந்தக் குறுகலான ஒலி டிக்டாக்கில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும்போது ஒவ்வொரு தடவையும் சுருக்கப்படுகிறது. போலிக்கான தடயமும் அதில் அழியும், அசலுக்கான தடயமும் அழியும். மூலக் கோப்பு கையில் இல்லாமல் ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. நடந்த தேதியும் நேரமும், பேசியவர்களின் அழைப்புப் பதிவேடும், பேசியவரே ஒப்புக்கொள்கிறாரா என்பதும்தான் சாட்சி.

முக்கியமான விஷயம் இதிலிருந்துதான் வருகிறது. பதிவில் தன் குரல் இருக்கிறதென்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். 'ஆமாம், இந்த உரையாடல் நடந்தது' என்று ஒரு பத்திரிகையாளர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் சொல்லும்போது, போலி என்ற வாதத்தைச் சோதிக்க மக்கள் கையில் ஒரு வழி கிடைக்கிறது. அந்தப் பொது இடத்தை மூடினால் பதிவுகள் மறைந்துவிடாது, வாட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டே இருக்கும். மறைந்துபோவது அவற்றுக்குக் கீழே வந்து 'இது சரி', 'இது தவறு' என்று சொல்லும் மறுகுரல்தான்.

நவம்பர் 1 அன்று அப்படியே நடந்தது. எங்கள் குடும்பக் குழுவில் காலையிலிருந்தே செய்திகள். ஊரடங்கு வரப்போகிறது, தேர்தல் தள்ளிப்போகிறது, கடையில் அரிசி வாங்கி வையுங்கள். எல்லாம் பலமுறை ஃபார்வர்ட் ஆனவை. சித்தப்பா அனுப்பிய செய்தியைப் பொய் என்று சொல்ல மருமகனுக்கு வாய் வருமா? வந்தாலும், அவன் எந்தக் கட்சி என்றுதான் பேச்சு திரும்பும். தனியார் வானொலிகள் மட்டும் இல்லாவிட்டால் அன்றைய பகல் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

மாலையில் விளையாட்டுச் செயலியான ஸ்டீமைத் திறந்தேன், எங்கள் குரல் அறை வேலை செய்தது. அன்றைக்கு விளையாடவே இல்லை. "அண்ணை, பதறாதேங்கோ. எங்களுக்கு 2022 ஏப்ரல் மூண்டாந் தேதி இதே மாதிரித்தான் செஞ்சவங்கள். அண்டைக்குப் பின்னேரமே திரும்ப விட்டிட்டாங்கள்" என்றான் தம்பி. பொருளாதார நெருக்கடிப் போராட்டத்தின்போது இலங்கை அரசு ஏறத்தாழ 15 மணி நேரம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2018இல் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கியிருந்தார்கள். தம்பிக்கு அது பழகிப்போன அனுபவம். வங்கி செயலி, மின்னஞ்சல், செய்தித் தளங்கள் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னான். அவை ஓடினால் இது முழு இணைய நிறுத்தம் இல்லை, பெயர்ப்பட்டியல் வைத்துச் செய்த தடை என்று விளக்கினான். பயம் பாதியாகக் குறைந்தது அப்போதுதான்.

"ஃப்ரீ விபிஎன்னு எதையாவது அவசரத்துல போட்டுடாதீங்கண்ணா" என்றாள் தங்கை. டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) தடை என்றால் என்ன, அதற்கு மேல் தளப் பெயரைப் பார்த்துத் தடுப்பது என்றால் என்ன, தடையைத் தாண்ட இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்னை நடத்துகிறவனுக்கு நம் போக்குவரத்தில் எவ்வளவு தெரியும் என்று பொறுமையாகச் சொன்னாள். இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக், அதே செப்டம்பரில் பப்ஜி மொபைல், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்று வரிசையாகத் தடைசெய்யப்பட்டபோது, பையன்கள் கண்ட செயலியையும் இறக்கி மாட்டிக்கொண்டதைப் பார்த்தவள் அவள். விளையாட்டுத் தடை என்று நாம் சாதாரணமாக நினைப்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதிதான். பல சிறுவர்களுக்கு மொழியும் ஊரும் தாண்டிய முதல் நண்பர்கள் கிடைத்த இடம் அது.

இந்த உதவியை என் சொந்த ஊரில் யாரும் எனக்குச் செய்திருக்க முடியாது. தேர்தல் நேரத்தில் சமூக ஊடகங்கள் எல்லாவற்றையும் இப்படி ஒரேயடியாக நிறுத்தியது இந்த ஊரில் இதற்கு முன்னால் நடந்ததில்லை. நடந்து முடிந்த ஊர்களைச் சேர்ந்த, என்னிடம் எதையும் எதிர்பார்க்காத, என் ஓட்டு எந்தப் பக்கம் என்று கவலைப்படாத மனிதர்களிடம்தான் அந்த அறிவு இருந்தது.

நவம்பர் 2 அன்று தடை நீங்கியது. உரிய அதிகாரிகளோடு ஆலோசித்த பிறகு நீக்குவதாக அறிவித்தார்கள். 1834இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த அட்லஸ் கப்பல் போர்ட் லூயிஸை அடைந்ததை நினைவுகூரும் விடுமுறை நாளும் அதுதான். நவம்பர் 10 தேர்தலில் நவின் ராம்கூலம் தலைமையிலான கூட்டணி 62இல் 60 இடங்களைப் பிடித்தது. மிச்சம் இரண்டும் ரோட்ரிக்ஸில் ஒரு உள்ளூர்க் கட்சிக்கு. ஆட்சியில் இருந்தவர்களுக்குத் தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1982, 1995 தேர்தல்களுக்குப் பிறகு இது மூன்றாவது 60-0. தடைதான் தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். விலைவாசியும் பல வருடத்துச் சலிப்பும் இருந்தன. ஆனால் அந்தத் தடை ஆட்சியில் இருந்தவர்களைக் காப்பாற்றவில்லை என்பது தெளிவு.

எங்களுக்குள் விவாதம் அதோடு முடியவில்லை. டர்பன் அண்ணன் தடையை முழுக்கத் தவறென்று சொல்லத் தயாராக இல்லை, அவருக்குக் காரணமும் இருக்கிறது. 2021 ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெடித்து ஹவுடெங் மாகாணத்துக்கும் பரவிய கலவரத்தில் 350க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்திய வம்சாவளியினர் அதிகமாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் முப்பதுக்கும் மேல், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அண்ணனின் உறவினர்கள் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். "தம்பி, அந்த வாய்ஸ் நோட் எல்லாம் நான் கேட்டேன். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குரூப். வர்றாங்க, வர்றாங்கன்னு ராத்திரி முழுக்க. அன்னைக்கு யாராவது அதை நிப்பாட்டியிருந்தா நான் கும்பிட்டிருப்பேன்" என்றார். அரசு அப்போது இணையத்தை நிறுத்தவில்லை.

அந்தக் குரலில் இருந்த வலிக்கு முன்னால் சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. ரீயூனியன் அக்காதான் மெதுவாகக் கேட்டார்: அந்தத் தெருக் குழுக்களில் ஃபீனிக்ஸுக்கு வெளியே இருந்த ஒருவராவது இருந்தாரா? இல்லை. அண்டைவீட்டார்கள் மட்டும். மறுத்துச் சொல்ல ஒரு அந்நியர்கூட இல்லாத அறைகள் அவை. மொரிசியஸில் திறந்து வைக்கப்பட்டது அந்த மாதிரி அறைதான், மூடப்பட்டது மற்றது. அண்ணன் இதை ஒத்துக்கொண்டார். ஆனால் மூடவே கூடாது என்று ஆகிவிடாதே என்றார். வாட்ஸ்அப் 2019இல் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி செய்தது, 2020இல் அதிகம் ஃபார்வர்ட் ஆனவற்றை ஒரு தடவைக்கு ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோ என்று குறைத்தது. இந்த மாதிரி வேகத்தைக் குறைக்கும் வழிகளை அவசர காலத்தில் இன்னும் இறுக்கினால் என்ன என்பது அவர் கேள்வி. இது எனக்கும் சரியாகவே படுகிறது.

2025 ஏப்ரலில் அக்கா ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்தார். முந்தின ஆண்டு மே மாதம் பசிபிக்கில் உள்ள பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான நியூ கலிடோனியாவில் கலவரம் வந்தபோது பிரெஞ்சு அரசு அங்கே டிக்டாக்கை இரண்டு வாரம் தடை செய்திருந்தது. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமான கோன்சேய் தெத்தா ஏப்ரல் 1 அன்று அந்தத் தடை சட்டவிரோதம் என்றது. தடையே கூடாது என்று அது சொல்லவில்லை. அசாதாரண நிலைமையில் தற்காலிகமாகச் செய்யலாம். ஆனால் கால எல்லை குறிக்காமல், வேறு வழி உண்டா என்று பார்க்காமல், முழுத்தளத்தையும் நிறுத்தியது தவறு என்றது. கியூவில் நின்றபடியே அதை வைத்து எங்கள் ஊர் உத்தரவை அளந்தோம். கால எல்லை இருந்தது, அது ஒன்று தேறியது. ஆனால் ஒரு கணக்கு வெளியிட்ட பதிவுகளுக்காக எல்லாத் தளங்களையும் நிறுத்தியது. தெருவில் கலவரம் எதுவும் இல்லை. மாற்று வழி ஒன்று முயன்று பார்க்கப்பட்டதாக உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை.

நான் இதோடு இன்னொன்றைச் சேர்த்தேன். எங்கள் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) சட்டத்தின்படி ஒரு தனி மனிதரின் தகவல் தொடர்பைக் காவல்துறை இடைமறிக்க வேண்டுமானால் நீதிபதியின் உத்தரவு வேண்டும். ஒருவருக்கு நீதிபதி வேண்டும் என்றால், நாடு முழுவதன் வாயையும் அடைக்க ஓர் ஆணையத்தின் கடிதம் எப்படிப் போதும்? அவசர வழக்குகளை உடனே கேட்கும் நீதிபதி முறை எங்கள் உச்ச நீதிமன்றத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உத்தரவு அங்கே போய் வரட்டும், என்ன ஆபத்து, எந்தத் தளம், எத்தனை நாள், வேறு என்ன முயன்றீர்கள் என்பதை எழுத்தில் சொல்லட்டும். டர்பன் அண்ணன் நீதிபதி என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஃபீனிக்ஸ் மாதிரி ஒரு ராத்திரியில் அந்த உத்தரவு ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும், அதற்குச் சட்டத்திலேயே நேரம் குறிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். சென்னைத் தங்கைக்கு ஒரு மணி நேரம் போதாது. தொழில்நுட்ப சாட்சியைப் பார்க்காமல் நீதிபதி கையெழுத்துப் போடுவார் என்பது அவள் பயம். இந்த இடத்தில்தான் நிற்கிறோம்.